பூச்சுக்கு முன்னால் பார்த்தது யார்?

உங்கள் வீட்டு டைனிங் ஹாலில் எத்தனை பிளக் பாயின்ட் இருக்கிறது? இந்தப் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து போய் எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பலருடைய பதில் எனக்குத் தெரியும். ஒன்று. அதுவும் வாஷ்பேசினை ஒட்டிய சுவிட்ச் போர்டில், ஃபேன் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில், ஒரு சின்ன பாயின்ட். ஃப்ரிட்ஜ் சமையலறையில் நுழையாது என்பதால் அதுவும் டைனிங் ஹாலில்தான் நிற்கும். எனவே அந்த ஒற்றைப் பாயின்ட்டில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் சொருகியிருப்பீர்கள். அதிலிருந்து ஃப்ரிட்ஜ், வாட்டர் ப்யூரிஃபையர், செல்போன் சார்ஜர். சாப்பாட்டு நேரத்தில் எலெக்ட்ரிக் கெட்டில். 2020-க்குப் பிறகு சாப்பாட்டு மேஜைதான் பல வீடுகளில் ஆபீஸ் என்பதால் ஒரு லேப்டாப். ஜங்ஷன் பாக்ஸின் வயர் தரையில் நெளிந்து போகும். அதன் மேல்தான் பாட்டி நடப்பார், குழந்தை தவழும், வேலைக்கு வரும் அம்மா ஈரத் துணியால் துடைப்பார்.

பல லட்சம் கொடுத்து வாங்கிய வீடு. ஃபால்ஸ் சீலிங் இருக்கிறது, மாடுலர் கிச்சன் இருக்கிறது, வாசலில் வீடியோ டோர் போன் இருக்கிறது. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இல்லை.

“இதெல்லாம் ஒரு பிரச்னையா? இதுக்கு ஒரு வாரப் பக்கத்தை வீணாக்கணுமா?” என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், பிரச்னைதான். உயிர்ப் பிரச்னை. இதற்கென்று எழுதப்பட்ட விதி இருக்கிறது. அந்த விதியை எல்லோரும் சேர்ந்து சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டோம்.

*

2005-ல் வெளியான தேசியக் கட்டட விதித் தொகுப்பைப் புரட்டினால், வீட்டின் ஒவ்வொரு அறைக்கும் எத்தனை பாயின்ட் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. சாப்பாட்டு அறைக்கு சின்ன பாயின்ட் 2, பெரிய பாயின்ட் 1. ஃப்ரிட்ஜுக்குத் தனியாகப் பெரிய பாயின்ட் 1. ஆக, ஃப்ரிட்ஜ் டைனிங் ஹாலில் இருக்கும் வீட்டில் அந்த இடத்தில் மட்டும் நான்கு. சின்னது என்றால் நாம் இன்றைக்கும் ஃபைவ் ஆம்ப்ஸ் என்று சொல்வது. பெரியது ஃபிப்டீன் ஆம்ப்ஸ், பவர் பிளக். இப்போது பொருட்களின் மேல் 6, 16 என்று அச்சாகிறது.

இந்த அட்டவணை நேற்று வந்ததும் அல்ல. வீடுகளில் மின் இணைப்புகளை எப்படி அமைப்பது என்று இந்தியத் தர நிறுவனம் 1968-லேயே வழிகாட்டி போட்டுவிட்டது. அப்போது பெரும்பாலான தமிழ் வீடுகளில் ஃப்ரிட்ஜே கிடையாது. இன்றைக்கு வீடு முழுக்க மின் சாதனங்கள். ஆனால் நம் டைனிங் ஹால் அந்தக் கணக்கைக்கூட எட்டவில்லை.

காரணம், அட்டவணையின் தலைப்பிலேயே ‘பரிந்துரை’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. இந்திய நிர்வாகத்தில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படித்துவிட்டு மூடி வைக்கலாம் என்று பொருள். கட்டட விதித் தொகுப்பே ஒரு வழிகாட்டி நூல்தான். மாநில அரசோ உள்ளாட்சியோ அதைத் தன் சட்டத்துக்குள் எடுத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் அது கட்டாயம். எந்த அதிகாரியாவது ஒரு வீட்டுக்கு வந்து, “டைனிங் ஹாலில் ஒரு பாயின்ட்தான் இருக்கு, இன்னும் ரெண்டு வை, அப்புறம் சர்டிபிகேட் தர்றேன்” என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பில்டரிடம் கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார்.

“டைனிங்ல ஒரு பாயின்ட் போதாதா சார்? சாப்பிடத்தானே போறாங்க?”

“ஃப்ரிட்ஜ்?”

“அதுக்கு கிச்சன்ல பாயின்ட் குடுத்திருக்கோமே.”

“கிச்சன்ல ஃப்ரிட்ஜ் வைக்க இடம் குடுத்தீங்களா?”

பேச்சை மாற்றி, மாடுலர் சுவிட்ச் எந்த கம்பெனி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். விற்பனைக் கையேட்டிலும் அதுதான் இருக்கும். ‘கன்சீல்டு காப்பர் வயரிங், பிராண்டட் மாடுலர் சுவிட்சுகள், போதுமான பாயின்ட்டுகள்.’ போதுமான! யாருக்குப் போதுமான? நான் பி.காம் படித்தவன். ‘போதுமான அளவு பணம் தருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவர் வீட்டை எனக்குப் பத்திரம் பண்ணித் தருவாரா?

*

அடுத்து அமெரிக்காவுக்குப் போகிறேன். ‘அங்கே பார், எப்படி இருக்கிறது’ என்று பெருமூச்சு விடுவதற்காக இல்லை. அவர்களுடைய விதியும் நம்முடையதைப் போலவே ஒரு புத்தகம்தான். அந்தப் புத்தகத்தை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்காக.

அமெரிக்காவின் தேசிய மின் விதித் தொகுப்பு 1897-ல் தொடங்கியது. தீத்தடுப்புக்கான ஒரு சங்கம் அதை வெளியிடுகிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை திருத்துகிறார்கள். அதுவும் தானாகச் சட்டம் ஆகாது. ஒவ்வொரு மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்டால்தான் சட்டம். ஆனால் ஏற்றுக்கொண்ட இடத்தில் ‘பரிந்துரை’ கிடையாது. ‘வேண்டும்’ என்று எழுதியிருந்தால் வேண்டும்தான்.

டைனிங் ஹாலைப் பற்றி அதில் என்ன இருக்கிறது தெரியுமா? இரண்டடியோ அதற்கு மேலோ அகலமுள்ள சுவர் என்றால், அதன் எந்த இடத்தில் நின்றாலும் ஆறடிக்குள் ஒரு பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். ஏன் ஆறடி? வீட்டு சாதனங்களின் வயர் ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான். அதற்கு மேல் போனால் மனிதன் ஜங்ஷன் பாக்ஸைத் தேடுவான். தேடவிடக்கூடாது என்பதுதான் விதியின் நோக்கம்.

இன்னொன்று. டைனிங் ஹால், சமையலறை, ஸ்டோர் ரூம் ஆகியவற்றின் பாயின்ட்டுகளுக்கு, சாதனங்களுக்கென்றே குறைந்தது இரண்டு 20 ஆம்பியர் சர்க்யூட் இருக்க வேண்டும். அங்கே 120 வோல்ட். ஒரு சர்க்யூட்டுக்கு 2,400 வாட், இரண்டுக்கும் சேர்த்து 4,800 வாட். லைட்டை இதில் சேர்க்கக்கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த விதி அடுத்து வருகிறது. அமெரிக்க வீடுகளில் நம்மைப் போல ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் பக்கத்தில் சுவிட்ச் இருக்காது. பாயின்ட்டில் எப்போதும் கரன்ட் இருக்கும். சில அறைகளில், கூரையில் விளக்கு வைப்பதற்குப் பதிலாக, ஒரு பிளக் பாயின்ட்டை மட்டும் வாசலருகே உள்ள சுவிட்சோடு இணைத்துவிடுவார்கள். அதில் மேஜை விளக்கைச் சொருகி வைத்தால், உள்ளே நுழையும்போதே சுவிட்சைத் தட்டி விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். சமையலறைக்கும் குளியலறைக்கும் இந்தச் சலுகை கிடையாது. டைனிங் ஹாலுக்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: சுவிட்ச் போட்ட அந்தப் பாயின்ட்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது! இருக்க வேண்டிய பாயின்ட்டுகள் எல்லாம் இருந்து, அதற்கு மேல் கூடுதலாகத்தான் இது இருக்கலாம். கரன்ட்டும் சாதனங்களின் சர்க்யூட்டிலிருந்து வராமல் பொதுவான சர்க்யூட்டிலிருந்துதான் வர வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடும். விளக்கை அணைக்க யாரோ வாசல் சுவிட்சைத் தட்டுகிறார். அதே பாயின்ட்டில் சொருகியிருந்த மற்ற சாதனமும் நின்றுவிடுகிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் வேறு அறையிலிருந்து வயர் இழுப்பார்கள். மனிதர்கள் எப்படி வாழ்வார்கள், எங்கே சோம்பல் படுவார்கள், எங்கே குறுக்கு வழி தேடுவார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்து, அந்தக் குறுக்கு வழிக்குத் தேவையே இல்லாமல் செய்வது. விதி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், அந்த நாட்டின் பல ஊர்களில் சுவரை மூடுவதற்கு முன்னால் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து உள்ளே ஓடும் வயரைப் பார்க்கிறார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் சுவரை மூடலாம். வேலை எல்லாம் முடிந்ததும் இன்னொரு முறை வருகிறார்.

நம் ஊரில் சுவரை வெட்டி, பைப்பைப் புதைத்து, கொத்தனார் பூசிவிட்டுப் போய்விடுவார். அந்த வயரைப் பிறகு பார்க்கப்போவது யார்? தீ.

*

“நம்ம ஊர் சிஸ்டம்தான் சார் பெட்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச் இருக்கே” என்பார்கள். உண்மை. மறுக்க மாட்டேன். நம்முடைய விதி ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச் வேண்டும் என்கிறது. பிளக்கைப் பிடுங்கும் முன் அணைத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. நம் மூன்று பின் பிளக்கும் நல்ல டிசைன்தான். மேலே இருக்கும் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமன். சொருகும்போது எர்த் முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும்.

ஆனால் இந்தச் சுவிட்ச் நமக்கு ஒரு பொய்யான தைரியத்தையும் கொடுத்திருக்கிறது. “அதான் ஆஃப் பண்ணிட்டேனே!” சுவிட்ச் ஃபேஸ் வயரில் இருந்தால்தான் நீங்கள் ஆஃப் பண்ணியது ஆஃப். விதியும் அப்படித்தான் சொல்கிறது. அவசரத்தில் வயர்மேன் நியூட்ரலில் சுவிட்சைப் போட்டிருந்தால்? மிக்ஸி நிற்கும், கெட்டில் நிற்கும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஆனால் பாயின்ட்டின் துவாரத்தில் கரன்ட் அப்படியே நின்றுகொண்டிருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கை வைப்பவருக்கு அது தெரியாது.

எர்த் கதை இன்னும் மோசம். பாயின்ட்டில் மூன்று துவாரம் இருக்கும், மேல் துவாரத்துக்குப் பின்னால் வயர் இருக்காது, இருந்தாலும் அது எங்கேயும் போய்ச் சேராது என்ற நிலையில் உள்ள வீடுகள் உண்டு. எர்த் இல்லாவிட்டாலும் ஃப்ரிட்ஜ் ஓடும். அதுதான் சிக்கல். ஃபேஸ் இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். எர்த் இல்லை என்பது, ஃப்ரிட்ஜின் உடம்பில் கரன்ட் ஏறி, ஈரக் கையோடு ஒருவர் அதன் கதவைத் திறக்கும் நாளில்தான் தெரியும்.

இதோடு நம் சொந்தக் கைவரிசையும் சேர்கிறது. இரண்டு பின் சார்ஜர் உள்ளே போகவில்லையென்றால், பேனாவால் மேல் துவாரத்தைக் குத்தி மூடியைத் திறந்து சொருகுகிறோம். பெரிய பிளக் சின்ன பாயின்ட்டில் நுழையாது. நுழையக்கூடாது என்றுதான் அளவை மாற்றி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் ஒரு கன்வர்ட்டர் தருவார், அதைப் போட்டு நுழைத்துவிடுகிறோம். பூட்டுக்குக் கள்ளச்சாவி போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதில் திருடுபோவது நம் வீட்டு உயிர்.

*

கொஞ்சம் கணக்குப் போடுவோம். என் படிப்புக்கு இதுவாவது வரட்டும்.

ஒரு லைட் சர்க்யூட்டில் அதிகபட்சம் 10 பாயின்ட் அல்லது 800 வாட் என்பது நம் நாட்டில் காலம்காலமாகக் கடைப்பிடிக்க வேண்டிய அளவு. பவர் சர்க்யூட்டில் இரண்டு பெரிய பாயின்ட்டுக்கு மேல் கூடாது, 3,000 வாட். லைட் வேறு, பவர் வேறு என்பதுதான் அடிப்படை. மத்தியப் பொதுப்பணித் துறை லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயரும், பவருக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயரும் கேட்கிறது.

இப்போது நம் டைனிங் ஹால். சுவிட்ச் போர்டில் லைட், ஃபேனோடு சேர்ந்திருக்கும் அந்தச் சின்ன பாயின்ட் எதிலிருந்து வருகிறது? லைட் சர்க்யூட்டிலிருந்து. அதில் நீங்கள் சொருகுவது 1,500 வாட் கெட்டில். 230 வோல்ட்டில் வகுத்தால் ஆறரை ஆம்பியர். சின்ன பாயின்ட்டின் தாங்கும் அளவு 6. இண்டக்‌ஷன் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தால் 2,000 வாட், எட்டே முக்கால் ஆம்பியர் பக்கம். கூடவே ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, டோஸ்டர் 800 வாட். கெட்டில் ஒன்றே அந்த லைட் சர்க்யூட்டின் 800 வாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

முதல் நாளே தீப்பிடிக்காது. வயர் சூடாகும், ஆறும். பிளக்கைப் பிடுங்கினால் லேசாகச் சுடும். பாயின்ட்டின் பிளாஸ்டிக் ஓரம் பழுப்பாகும். மீன் கருகிய மாதிரி ஒரு வாசனை எப்போதாவது வரும். எம்.சி.பி. அடிக்கடி விழும். “இந்த எம்.சி.பி. சரியில்லை, கொஞ்சம் பெருசா மாத்திடுங்க” என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்வோம். அவரும் மாற்றிவிட்டுப் போவார். வயர் அதே வயர். வயரைக் காப்பாற்ற இருந்த ஒரே காவல்காரனையும் நாமே காசு கொடுத்து வெளியே அனுப்பியாகிவிட்டது.

அந்தக் காவல்காரனும் வயருக்குத்தான் காவல், உங்களுக்கு இல்லை. 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் ஆறுக்கு மேல் போனால்தான் விழும். மனிதனைக் காப்பாற்றும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டும். வகுத்துப் பாருங்கள், 200 மடங்கு வித்தியாசம். உங்கள் உடம்பு வழியாக ஓடும் கரன்ட் எம்.சி.பி.யின் கணக்கில் ஒரு சில்லறை. அதைக் கண்டுகொள்ளாது.

மத்திய மின்சார ஆணையம் 2010-ல் போட்ட விதி, 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் கருவி வேண்டும் என்றது. 2023-ல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகளே வந்துவிட்டன. உங்கள் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள். ‘T’ என்று எழுதிய சின்னப் பட்டன் உள்ள கருவி இருக்கிறதா? இருந்தால், அந்தப் பட்டனைக் கடைசியாக எப்போது அழுத்தினீர்கள்?

*

“எல்லாம் சரி, ஈ.பி.காரங்க செக் பண்ணித்தானே கனெக்‌ஷன் தர்றாங்க?”

இந்த நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். புது இணைப்பு கேட்டு விண்ணப்பித்தால், மின்சாரம் தருபவர் வீட்டின் வயரிங்கைத் தானே சோதிக்க வேண்டும், அல்லது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட்டுத் தரும் சோதனை முடிவை ஏற்றுக்கொள்ளலாம். 2010 விதி இப்படித்தான் சொன்னது. 2023-ல் புதிய விதி வந்தபோதும் அந்த ‘அல்லது’ போகவில்லை.

ஒரு ‘அல்லது’ போதாதா நமக்கு? அந்த வாசல் வழியாக மொத்த ஊரும் போய்விடும். ஒப்பந்ததாரரை நியமிப்பது யார்? பில்டர். அவருக்குப் பணம் தருவது யார்? பில்டர். வேலையைச் செய்தவரே வேலை நன்றாக இருக்கிறது என்று சான்று தருகிறார். பரீட்சை எழுதிய பையனே தன் பேப்பரைத் திருத்திக்கொள்வது போல. கணக்குத் துறையில் இப்படி ஆடிட் பண்ணினால் உள்ளே போட்டுவிடுவார்கள்.

நேர்மையான ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பாயின்ட்டாக மீட்டர் வைத்துப் பார்க்கும் வயர்மேன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த ஏற்பாடு அநியாயம்தான் செய்கிறது. நன்றாகச் செய்தவரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவரும் அதே தாளைத்தான் கொடுக்கிறார்கள். பார்க்காமல் போடுபவர் குறைந்த ரேட்டுக்கு வருவார். யாருக்கு வேலை கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

சரி, மின்வாரிய ஊழியரே நேரில் வந்தாலும் என்ன பார்க்க முடியும்? சுவர் பூசி, பெயின்ட் அடித்து, சுவிட்ச் போர்டு மாட்டி முடித்த பிறகு வருகிறார். மீட்டரைப் பார்ப்பார், மெயினைப் பார்ப்பார். பைப்புக்குள் 1.5 வயரா 4 வயரா, பாதி வழியில் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா, பவர் பாயின்ட்டை லைட்டிலிருந்து இழுத்திருக்கிறார்களா என்று எக்ஸ்ரே எடுத்தா பார்ப்பார்?

இவ்வளவுக்குப் பிறகு ஏதாவது நடந்தால் மறுநாள் பேப்பரில் வருவது ஒரே வரி: ‘மின்கசிவு காரணமாகத் தீ விபத்து.’ பத்திரிகைக்காரனாகச் சொல்கிறேன், எங்கள் தொழிலில் எழுதப்படும் சோம்பேறித்தனமான வரிகளில் இது ஒன்று. மழையில் கூரை ஒழுகுவது போல, மின்சாரம் தானாகக் கசிந்ததாம். யாருடைய வயர், யார் போட்ட ஒட்டு, யார் கையெழுத்து, யார் பாயின்ட்டை மிச்சம் பிடித்தது என்ற கேள்விகள் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அணைந்துவிடுகின்றன. தீயணைப்பு வண்டியைவிட வேகமாக அணைக்கிற வார்த்தை அது.

*

வாடகை வீட்டுக்காரர்களின் நிலைமை இன்னும் பரிதாபம். “சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது” என்று சொல்லித்தான் சாவியே கொடுக்கிறார்கள். பாயின்ட் கேட்டால், “முன்னாடி இருந்தவங்க எல்லாம் இதுலதானே ஓட்டினாங்க?” என்று கேள்வி வரும். முன்பு இருந்தவர்கள் ஷாக் அடிக்காமல் தப்பித்தது வீட்டுக்காரரின் சாமர்த்தியம் போல! குடியிருப்பவர் ஜங்ஷன் பாக்ஸ் மேல் ஜங்ஷன் பாக்ஸாகச் சொருகிக் காலத்தை ஓட்டுகிறார். அவரை அலட்சியக்காரர் என்று திட்டுவது சுலபம். சுவரில் இருக்க வேண்டியது இல்லாததால்தான் அது தரைக்கு வந்தது.

இதில் காசு ஒரு காரணமா? இல்லை என்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. சுவர் பூசுவதற்கு முன்னால் இரண்டு பாயின்ட் கூடுதலாக வைக்க ஆகும் செலவு, அந்த வீட்டின் விலையில் கண்ணுக்கே தெரியாது. பூசிய பிறகு வைப்பதென்றால் சுவரை வெட்டணும், டைல்ஸ் உடையும், பெயின்ட் போகும், கொத்தனார் ஒரு நாள், பெயின்ட்டர் ஒரு நாள். அதனால்தான் யாரும் பிறகு செய்வதில்லை.

எனவே என் கோரிக்கைகள் சில.

அரசுக்கு: வீடுகளுக்கான பாயின்ட் அட்டவணையிலிருந்து ‘பரிந்துரை’யை எடுத்துவிட்டுக் கட்டாயம் ஆக்குங்கள். சுவர் பூசுவதற்கு முன்னால், பில்டரிடம் சம்பளம் வாங்காத ஒருவர் வந்து வயரிங்கைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆள் போதாது என்று சொல்லாதீர்கள். உரிமம் பெற்ற பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பட்டியலிட்டு, யாரை அனுப்புவது என்பதை பில்டர் தீர்மானிக்காமல் அரசு தீர்மானித்தால் போதும்.

பில்டர்களுக்கு: ஒப்பந்தத்தில் ‘போதுமான’ வேண்டாம், எண்ணிக்கை போடுங்கள். எந்த அறையில், எந்தச் சுவரில், எத்தனை ஆம்பியர் பாயின்ட், எந்த சர்க்யூட்டில் என்று வரைபடம் கொடுங்கள். சாவியோடு அதையும் கொடுங்கள்.

வீடு வாங்குகிறவர்களுக்கு: டைல்ஸ் தேர்ந்தெடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிறீர்கள். சுவர் பூசுவதற்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் சைட்டுக்குப் போங்கள். டைனிங் டேபிள் எங்கே வரும், ஃப்ரிட்ஜ் எங்கே நிற்கும் என்று நின்று காட்டி, அங்கே பாயின்ட் கேளுங்கள். திறந்திருக்கும் சுவர்களை எல்லாம் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரெரா சட்டம் 2016-ல் வந்தது. அதன் கீழ் வரும் வீடுகளில் ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் வேலைத் தரத்தில் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் பில்டர் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்று அதன் 14-வது பிரிவு சொல்கிறது. கூரை ஒழுகினால் மட்டும் அல்ல, எர்த் இல்லாவிட்டாலும் கேளுங்கள்.

ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு: ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றே மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாயின்ட்டிலும் எர்த் வேலை செய்கிறதா? சுவிட்சை அணைத்தால் ஃபேஸ் நிஜமாகவே நிற்கிறதா? ஆர்.சி.சி.பி. பட்டனை அழுத்தினால் விழுகிறதா? நீங்களே ஸ்க்ரூ டிரைவரோடு இறங்க வேண்டாம். அவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காமல், மீட்டரில் காட்டச் சொல்லிப் பாருங்கள். கெட்டிலும் இண்டக்‌ஷனும் பெரிய பாயின்ட்டுக்குத்தான். அது கிச்சனில்தான் இருக்கிறது என்றால் டீயும் கிச்சனிலேயே கொதிக்கட்டும்.

அடுத்த முறை யாராவது புது வீட்டுக்குப் பால் காய்ச்சக் கூப்பிட்டால், கிரானைட்டைத் தடவிப் பார்த்து “சூப்பரா இருக்கு” என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். “பூசுறதுக்கு முன்னாடி வயரிங்கை யார் பார்த்தாங்க?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். பரவாயில்லை. அடுப்பு பற்ற வைக்கும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்விதான் அது.